இடது மட்கார்டில் ஏறிய சிவப்பு

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, போன வாரம் உங்கள் வேலையைப் பார்க்க வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். முகப்பு நசுங்கிய வேன் ஒன்று வந்தது. வந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் சுத்தியலை எடுத்துவிட்டார், இன்னொருவர் பள்ளம் அடைக்கப் புட்டி குழைக்க ஆரம்பித்துவிட்டார். கை சுறுசுறுப்பு நல்லதுதான். ஆனால் ‘என்ன அடிச்சது?’ என்று வண்டிக்காரனை ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதுளையில் முப்பத்தைந்து வருடம் டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் செய்தவன் நான். தகரத்தை எப்படி நிமிர்த்துவது, தின்னர் எவ்வளவு கலப்பது என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். பெயின்ட் தேய்க்கிற வாட்டர் பேப்பரைத்தான் ஒரு தடவை தேய்த்ததும் கல்யாண வீட்டு வாழையிலை மாதிரி வீசுகிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு காரைப் பற்றி. அந்தக் கார் என் கைக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை நான் செய்ததை இரண்டாம் முறை நானே பிரிக்கவேண்டி வந்தது.

முதல் முறை வந்தபோது எனக்கு இருபது வயது; மீசை இன்னும் அடர்ந்திருக்கவில்லை. தோட்டங்களெல்லாம் வெள்ளைக்காரக் கம்பெனிகளிடம் இருந்த காலம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேனேஜர், பெரியதுரையுடைய கார் அது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, நீளமான மூக்கு, நல்ல சிவப்பு. அது பசறை ரோட்டில் இறங்கும் சத்தத்தை வைத்தே இன்னார் வருகிறார் என்று பதுளைக் கடைத்தெருவில் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் காலையில் துரை தானே ஓட்டிவந்து கராஜ் வாசலில் நிறுத்தினார். இடது பக்க லைட் உடைந்திருந்தது. அந்தப் பக்கத்து முன் மட்கார்ட் ஒரு பெரிய சோற்றுத்தட்டு அளவுக்கு உள்ளே போயிருந்தது.

“மரை அடிச்சது,” என்றார் துரை. காட்டில் இருக்கிற பெரிய மான், அந்த மரை. மலை ரோட்டில் அது குறுக்கே பாய்வது புதிதல்ல.

எங்கள் முதலாளி, “சரிங்க துரை, நாளைக்கே பார்த்திடலாம்,” என்றார்.

“முழுக் காரும் பச்சை அடி. சிவப்பு வேணாம்.”

ஒரு மரை மோதியதற்கு முழுக் காரின் நிறத்தையும் எதற்கு மாற்றவேண்டும்? இப்போது உங்களுக்கு அந்தக் கேள்வி வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. முதலாளிக்கும் வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. வேலை என்னிடம் வந்தது.

லைட்டின் வளையத்தைக் கழற்றியபோது, வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ மாட்டியிருந்தது. மரையின் மயிர் என்று நினைத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். மயிர் உருளாது, வழுக்கும். இது முறுக்கிக்கொண்டது. தம்பிகளே, நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். மழைக்கும் குளிருக்கும் தோட்டத்தில் கொடுக்கிற கறுப்புக் கம்பளிக்குள் எங்கள் அப்பாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கி வளர்ந்தவன். கம்பளி நூல் எனக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தேன் என்றால், வாயால் ஊதிவிட்டேன்.

கொஞ்சம் நூல் மட்டும் மட்கார்டின் உள்மடிப்பில் தகரம் கடித்து நின்றது. குறட்டால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. துருப் பிடிக்காமல் உள்பக்கம் பூசுகிற தாரை அதன் மேலேயே பூசினேன். அப்போது இறக்குமதிக் கெடுபிடி, பள்ளம் நிரப்ப நல்ல ஈயம் கிடைக்காது. பழைய தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து உருக்கி, கொஞ்சம் பற்றாசு சேர்த்து, தட்டி நிமிர்த்தாமலே பள்ளத்தில் நிரப்பி, மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து வழித்துவிடுவேன். பதுளையில் அந்த வித்தை என் ஒருவனுடையது. வழித்த பிறகு பள்ளம் இருந்த இடத்தைக் காரின் சொந்தக்காரரே காட்ட முடியாது.

பச்சை நிறத்தில் காரைப் பார்த்த துரை என் தோளில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தத் தோள்தட்டலை ஒரு மாதம் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நூல் மறந்துபோனது.

பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரைமார் கப்பலேறினார்கள். பச்சைக் கார் அதே தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் கைக்கு வந்திருந்தது. அவர் தன் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் சாக்கு போர்த்தி வைத்திருந்தார். அரைத்த கொழுந்தை மூக்கால் மோந்தே பதம் சொல்கிறவர். அந்த மூக்கை வைத்து உலகத்தில் எதையும் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பியவர். எங்கேயோ ஒரு புத்தகம் வாங்கிவிட்டார். காரைத் தன் கையாலேயே புதுப்பித்துப் பாலாடை நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்று முடிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்.

போனதும், கைத்தொழில்காரன் எவனையும் கூப்பிடுகிற மாதிரி ‘பாஸ்’ போட்டு அவர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: “பாஸ், நீங்க கை வைக்காதீங்க. வாயால சொல்லுங்க, போதும்.”

சரி என்று ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் செய்த முதல் காரியம், தேயிலைச் செடிக்கு மருந்தடிக்கிற முதுகுப் பம்பில் பெயின்டை ஊற்றி ஒரு கதவில் அடித்துப் பார்த்ததுதான். கதவுக்கு அம்மை போட்டது. “கொஞ்சம் புள்ளி விழுதே பாஸ்,” என்றார். சிரிப்பை அடக்க நான் வெளியே போகவேண்டியிருந்தது. பிறகு தொழிற்சாலையின் பெரிய எஞ்சினைக் கிளப்ப வைத்திருந்த காற்றுத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, என் ஸ்ப்ரே கன்னை மாட்டிக் கொடுத்தேன். மனிதர் பிடித்துக்கொண்டார்.

ஒன்று சொல்கிறேன். தொழில்காரன் பழைய பெயின்டை மேலாகத் தேய்த்துவிட்டு அடித்து அனுப்பிவிடுவான். சொந்தக் கையால் சொந்தக் காரைச் செய்கிறவன்தான் தகரம் வரைக்கும் போவான். டீமேக்கர் அப்படித்தான் போனார். தேய்ப்பதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். இரண்டு எண்ணெய் டின்களில் அதைத் தூக்கிவந்தவள் பெயர் அங்கம்மா. கிழமை நாளில் கொழுந்து பறிப்பாள், ஞாயிற்றுக்கிழமை டீமேக்கர் வீட்டு வேலைக்கு வருவாள். நாற்பது வயதிருக்கும். முதல் நாளே தாமதமாக வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு.

“எங்கேருந்து வருது இந்தம்மா?” என்றேன், அவள் போன பிறகு.

டீமேக்கர் வாட்டர் பேப்பரை நிறுத்தாமலே மேட்டைக் காட்டினார். கொட்டகைக்கு மேலே ரோடு ஒரு வளைவு திரும்பும். வளைவில் ஒரு கல், சிவப்புத் துணி, சூலம். “அந்த லயம்தான். நேரா எறங்குனா பத்து நிமிசம். அது எறங்காது. பள்ளத்துல எறங்கி, ஓடையத் தாண்டி, சுத்தித்தான் வரும். காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கும் அப்படித்தான், ஆளு ஒரு மணி நேரம் முந்தியே எழும்பும்.”

“ஏன்?”

“புருசன முனி அடிச்சது அங்கதான்.”

பிறகு அவர் சொன்ன கதை இது. அவள் புருஷன் சன்னாசி தோட்டத்துத் தபால்காரன். தினமும் கடைவீதிக்கு நடந்துபோய்க் கடிதப் பையை வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்புவான். ஒருநாள் பனிமூட்டத்தில் திரும்பவில்லை. மறுநாள் காலையில் முனி கல்லுக்குக் கீழே, பாறைச் சரிவில் கிடந்தான், கண் திறந்தபடி. தவறி விழுந்ததாகத் தோட்டத்தில் எழுதினார்கள். முனி அடித்துத் தள்ளியதாக லயத்தில் சொன்னார்கள். முனி சும்மா அடிக்காதே, காரணம் வேண்டுமே? அங்கம்மாவே மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்: அன்றைக்கு அவளுக்குத் தீட்டு, அந்தக் கையால் ரொட்டி சுட்டுத் துணியில் கட்டிக் கொடுத்திருந்தாள், அந்த ரொட்டியோடுதான் அவன் முனி கல்லைத் தாண்டினான். அன்றிலிருந்து கோயில் திருவிழாவில் அவள் விளக்கைத் தொடக்கூடாது. வருடா வருடம் அவள் செலவில் முனிக்கு ஒரு சேவல்.

“எப்ப நடந்திச்சு இது?” என்றேன்.

“ஆச்சு பதினோரு வருசம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு பாஸ். பெரியதுரை இந்தக் கார பதுளைக்குக் கொண்டுபோய்ப் பச்சையாக்கிட்டு வந்தாரே, அதே வாரம்.”

அவர் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்துபோய் இடது மட்கார்டில் உள்ளங்கையை வைத்தேன். நம் தொழிலில் கண்ணை நம்பக்கூடாது, உள்ளங்கையைத்தான் நம்பவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவினேன். லைட்டுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, தகரம் லேசாகக் கனத்து, திரும்ப இளைத்தது. அன்று என் மரக்கட்டை போன போக்கு. என் கை எனக்கே தெரிந்தது. வெளியே பகல் பன்னிரண்டு மணி, ஆனால் என் முதுகில் மயிர் குத்திட்டு நின்றது.

“ஐயா, இந்த ஒரு மட்கார்ட மட்டும் உரிக்காதீங்க,” என்றேன். “உள்ள ஈயம் இருக்கு. தொட்டா வம்பு. மேலாகத் தேய்ச்சா போதும்.”

தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று அவர் நம்பினார். இரண்டாவது முறையும் நான் அதை மூடினேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மற்றப் பக்கமெல்லாம் வெறும் தகரமானது. இடது மட்கார்டில் மட்டும் பச்சையை மெலிதாகத் தேய்த்துவிட்டோம். நல்ல வெயில் பார்த்து, பாலாடை நிறத்தில் முதல் பூச்சு அடித்தார். நன்றாகத்தான் இருந்தது. மறு ஞாயிறு டீமேக்கர் சாக்கை விலக்கினார். இடது மட்கார்டில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் ஏறியிருந்தது. சோற்றுத்தட்டு அளவு. நடுவில் பாலாடை நிறம், சுற்றிலும் சிவப்பு.

“பனியில பூத்திருக்குமோ?” என்றார்.

“இருக்கும்,” என்றேன்.

தேய்த்தோம். அங்கம்மா தூக்கிவந்த தண்ணீர் ரோஜா நிறத்தில் தரையில் ஓடியது. அவள் அதை மிதிக்காமல் ஒதுங்கி நின்றாள். மறுபடி அடித்தார். அதற்கடுத்த ஞாயிறு வளையம் இன்னும் அழுத்தமாக வந்திருந்தது. மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து போய்க்கொண்டிருந்தது. பனி விலகும்போதெல்லாம் அந்த வளையம்தான் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. இடுப்பு உயரத்தில்.

உங்களில் யாராவது இப்போது சிரித்தால் சிரிக்கலாம். பழைய சிவப்பின் மேல் வெளிர் நிறம் அடித்தால் சிவப்பு கசிந்து மேலே ஏறும், இது பெயின்ட் வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே தெரியவேண்டிய விஷயம். அந்த மட்கார்டில் பச்சைக்கு அடியில் துரையுடைய பழைய சிவப்பு அப்படியே இருந்தது. பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் நான் சிவப்பைச் சுரண்டிவிட்டு ஈயம் வழித்திருந்தேன். ஈயம் உருக்கிய சூட்டில் பெயின்ட் வெடித்திருந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு ஏறியது. பேயும் இல்லை, முனியும் இல்லை. ஆனால் உரிக்காதீங்க என்று அந்த ஒரு மட்கார்டை நான் காப்பாற்றியதால்தானே அது அங்கே ஏறியது? இருபது வயதில் நான் மறைத்த பள்ளத்தின் அளவை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து காட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. அறிவு எவ்வளவு சொன்னாலும் பயமாகத்தான் இருந்தது.

மருந்து என்னிடம் இருந்தது. வெள்ளிப் பெயின்ட் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு மேலே அடித்தால் சிவப்பு ஜென்மத்துக்கும் ஏறாது. பாலாடை அடிக்க ஆரம்பித்து நான்காவது ஞாயிறு பதுளையிலிருந்து பஸ் ஏறும்போது ஒரு சின்ன டின்னைப் பையில் வைத்துக்கொண்டேன். காற்றுத் தொட்டியைத் திறக்க டீமேக்கர் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். நான் டின்னைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அங்கம்மா மூச்சு வாங்க வந்து இரண்டு டின் தண்ணீரையும் இறக்கினாள். போகாமல் நின்றாள்.

“பாஸ், அடுத்த கிழமையிலேருந்து நான் வரமாட்டேங்க. டீமேக்கரம்மா வேற ஆளு பாத்துட்டாங்க.”

“ஏம்மா?”

“நான் தூக்குற தண்ணில தேய்ச்சதாலதான் ரத்தம் ஏறுதாம். லயத்துல எல்லாரும் அதைத்தாங்க பேசுறாங்க.” அவள் மட்கார்டைப் பார்த்தாள். குரலில் அழுகை இல்லை. “அவங்க சொல்றதும் சரிதாங்க. எத்தன தடவ அடிச்சாலும் வருதுல்ல? முனி என்னையத்தான் காட்டுது. நான்தானே ரொட்டி கட்டிக் குடுத்தேன்.”

குச்சி என் கையிலேயே நின்றது. தம்பிகளே, நெருக்கடி என்றால் பிரேக் பிடிக்காத லாரி, தீப்பிடித்த தின்னர் என்று நினைக்கிறீர்கள். அதில் கை தானாக வேலை செய்துவிடும். என் வாழ்க்கையின் பெரிய நெருக்கடி இதுதான்: கையில் வெள்ளிப் பெயின்ட், எதிரில் அந்த அம்மா. ஒரு பூச்சு, அரை மணி நேரம். வளையம் போய்விடும், நானும் தப்பிவிடுவேன். இவள் மட்டும் சாகும்வரைக்கும் பள்ளத்தில் இறங்கி ஏறுவாள்.

டின்னை மூடினேன். “கொஞ்சம் இரும்மா, போகாதே,” என்று சொல்லிவிட்டு டீமேக்கரைக் கூப்பிட ஓடினேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூல், தார், ஈயத்தாள், பச்சை, எதையும் விடவில்லை. அவர் முகம் வெளிறியது. “பாஸ், மெதுவாப் பேசுங்க. இது தொரமார் விசயம். எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. அந்த வெள்ளிப் பெயின்ட அடிச்சு முடிச்சிருவோமே?”

“அங்கம்மா கொட்டகையில நிக்குதுங்க ஐயா. நீங்களே அதுகிட்ட சொல்லிருங்க, முனிதான் அடிச்சதுன்னு.”

கொட்டகைக்கு வந்தார். அங்கம்மாவைப் பார்த்தார். அவளுடைய சேற்றுக் காலைப் பார்த்தார். பிறகு புளோ லாம்பைத் தானே பற்றவைத்து என் கையில் கொடுத்தார்.

“நீங்க கை வைங்க, பாஸ்.”

பெயின்ட் சுருண்டு எரிந்தது. ஈயம் மினுங்கியது, வியர்த்தது, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. விழ விழப் பள்ளம் வந்துகொண்டே இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பள்ளம். ஒரு மடிப்புக்கூட மாறவில்லை. லாம்பை அணைத்துவிட்டு, தகரம் ஆறும்வரை காத்திருந்தோம்.

“அங்கம்மா,” என்றேன். “ஒன் புருசன முனி அடிக்கல. இந்தக் கார்தான் அடிச்சது.”

அவளுக்குப் புரியவில்லை. நான் கீழே படுத்து, மட்கார்டின் உள்பக்கத்துத் தாரைக் கத்தியால் சுரண்டினேன். மடிப்பில் நூல் இருந்தது, தார் காத்து வைத்த கறுப்பு நூல், ஒரு சுண்டுவிரல் நீளம். மடிப்பை உளி வைத்துப் பிரித்து அதை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் விரலில் உருட்டினாள், நான் அன்று உருட்டியது போலவே. அவளுக்கும் லயத்து விரல்தான்.

“கம்பளிங்க இது.”

“ஆமா.”

“அவரோடதா?”

“அந்த வாரம் இந்த ரோட்டுல வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

அவள் பள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையை வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, காருக்கு முதுகைக் காட்டி நின்றாள். பள்ளம் அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது. டீமேக்கர் வேறு பக்கம் பார்த்தார்.

“கம்பளி தலையிலேருந்து முதுகுப் பக்கம்தானேங்க தொங்கும்?” என்றாள், யாரையும் பார்க்காமல். “அப்ப பின்னாலேருந்துதான் வந்திருக்கு. அவரு பாக்கல.”

“பாத்திருக்கமாட்டாரு.”

“கண்ணு தொறந்து கெடந்திச்சுங்க. முனியப் பாத்துப் பயந்த பயத்துலதான் உசுரு போச்சுன்னு சொன்னாங்க. என்னாலதான் அப்படிப் பயந்தாருன்னு…” பயந்து சாகவில்லை என்பதை மட்டும் இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“செத்தது தெரியாது. ஆள அடிச்சிருக்குன்னு தெரியும்.”

“தெரிஞ்சுமா ஈயத்த ஊத்துனீங்க?”

“ஆமா.”

“பதினோரு வருசங்க,” என்றாள். “காச்சல்லயும் அந்தப் பள்ளத்துல எறங்கித்தாங்க ஏறுனேன்.”

கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அதைப் பார்க்கவில்லை, நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம், என் முகத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் தாங்க முடியவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீமேக்கரும் நானும் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சொன்னோம். எழுதிக்கொண்டார்கள். கடல் தாண்டிப் போன மனிதரை யார் போய்க் கேட்பது? ஒன்றும் நடக்கவில்லை. டீமேக்கரின் வேலையும் போகவில்லை. அவர் அந்த மட்கார்டை நிமிர்த்தவே விடவில்லை. பாலாடை நிறக் காரில் ஒரு பக்கம் மட்டும் வெறும் தகரமும் பள்ளமுமாக ஓட்டித் திரிந்தார். லயத்தில் முனிக்கு இருந்த பேர் குறையவில்லை, கூடியது. செய்யாத கொலைக்குப் பதினோரு சேவல் வாங்கிய முனி, இப்போது கொன்றவனைக் காட்டிக்கொடுத்த முனியாகிவிட்டது. சிவப்பை ஏற்றியது முனிதானாம். நான் பெயின்ட் கசிவைப் பற்றி விளக்கியதை ஒருவரும் கேட்கவில்லை.

நானும் அதை அழுத்திச் சொல்வதில்லை. ஏனென்றால் எனக்கே ஒரு இடத்தில் உதைக்கிறது. பழைய சிவப்பின் மேல் பாலாடை அடிக்கக்கூடாது என்று டீமேக்கருக்கு நான் சொல்லியிருக்கவேண்டும். அந்தப் பள்ளத்தை மறைத்து வைக்கவேண்டியவன் நான். ஒரு வார்த்தை, அடர்ந்த நிறமாக அடியுங்கள் ஐயா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வளையம் வந்திருக்காது, இந்தக் கதையே இல்லை. அந்த நாலு ஞாயிறும் பக்கத்திலேயே பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அத்தனை வருடம் பெயின்ட் அடித்தவனுக்கு எப்படி மறக்கும் என்று யோசித்தால் இப்போதும் கொஞ்சம் குளிர்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி வந்தால் சுத்தியலை எடுக்குமுன் ‘என்ன அடிச்சது?’ என்று கேளுங்கள். சொன்ன பதிலைத் தகரத்திடமும் கேளுங்கள். மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நூலோ, மயிரோ, துணியோ, எது இருந்தாலும் வாயால் ஊதாதீர்கள். முதலாளி முறைப்பார், முறைக்கட்டும். புட்டி எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம்.

அன்று அங்கம்மா போனதை இன்னும் சொல்லவில்லை. நூலை முந்தானையில் முடிந்துகொண்டாள். தண்ணீர் டின் இரண்டையும் காலி செய்து கவிழ்த்து வைத்தாள். லேசாகத் தூற ஆரம்பித்திருந்தது; கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினாள். வழக்கமாகப் பள்ளத்துப் பக்கம் திரும்புகிறவள், ரோட்டில் ஏறி நேரே மேட்டைப் பார்த்து நடந்தாள். டீமேக்கரும் நானும் கொட்டகை வாசலில் நின்று பார்த்தோம். பனி அவளை மூடுவதும் விடுவதுமாக இருந்தது. வளைவுக்கு வந்தாள். முனி கல் பக்கம் அவள் திரும்பவில்லை. தலையில் இருந்த கம்பளியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நின்று, பின்னால் பார்த்தாள்.

வண்டி எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நடந்தாள்.